எரியாத வீட்டுக்குத் திரும்பிய கதை

ஊரிலிருந்து கூப்பிட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "ஹாலிவுட் போர்டே எரிஞ்சுபோச்சாமே?" என்பதுதான். எரியவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றிய அந்தப் படம் கணினியில் செய்தது. நாங்கள் இருந்தது அங்கிருந்து கிழக்கே, லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய பாசடீனா நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில். வடக்கே சில தெருக்கள் தாண்டினால் ஆல்டடீனா, அதற்கும் மேலே சான் கேப்ரியல் மலை. 2025 ஜனவரி 7 அன்று மாலை அந்த மலையின் ஈட்டன் பள்ளத்தாக்கில் பிடித்த தீதான் எங்கள் தீ. அன்று காலையிலேயே கடற்கரைப் பக்கம் பாலிசேட்ஸில் இன்னொன்று பிடித்திருந்தது. டிவிக்காரர்கள் எல்லாம் அங்கேயே நின்றார்கள். நடிகர்கள் வீடு அங்கேதானே இருக்கிறது.

எங்கள் வீடு எரியவில்லை. "தப்பிச்சிட்டீங்க" என்றார்கள். முதல் வாரம் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டோம். தீக்குத் தப்பி ஓடுவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எரியாமல் நிற்கும் வீட்டுக்குள் திரும்பிப் போவது எப்படி என்று எங்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காற்று வரும் என்பது முன்பே தெரியும். பாலைவனப் பக்கமிருந்து கடலைப் பார்த்து வீசும் வழக்கமான சான்டா அனா காற்று இல்லை, உயிருக்கே ஆபத்து என்று வானிலைத்துறை வெளிப்படையாகவே எச்சரித்திருந்தது. அதற்கு முந்தைய இரண்டு குளிர்காலமும் நல்ல மழை. மலையில் புல்லும் புதரும் மண்டிவிட்டன. அப்புறம் 2024 மே மாதத்திலிருந்து சொல்லிக்கொள்ளும்படி மழையே இல்லை. மண்டியது எல்லாம் அப்படியே காய்ந்து நின்றது.

ஆறு மணி தாண்டியதும் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். பின்கட்டுக்குப் போய்ப் பார்த்தால் மலையில் ஆரஞ்சு வெளிச்சம். மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். போடிநாயக்கனூர்க்காரர். மாசி, பங்குனியில் மேற்கு மலையில் இரவெல்லாம் தீ மாலை கோத்த மாதிரி ஓடுவதைப் பார்த்தே வளர்ந்தவர். 2018இல் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்ட குரங்கணி அவர் ஊருக்கு மேலேதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏத்தா, மலைத்தீ மேலதான ஏறும்? இது கீழ எறங்குதே. கெளம்புங்க" என்றார். அவர் சொன்னதுதான் விஷயம். காற்று மலை உச்சியிலிருந்து ஊரைப் பார்த்து அடித்தது. தீயோடு தணலும் பறந்து வந்தது. அந்தத் தணல் வெறுந்தரையில் விழுந்தால் பரவாயில்லை, கூரைக்கடியில் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக உள்ளே போனால் வீடு உள்ளிருந்து பிடிக்கும்.

இங்கே வெளியேற்றத்தில் இரண்டு படி உண்டு. முதலாவது எச்சரிக்கை, தயாராக இரு என்று அர்த்தம். இரண்டாவது உத்தரவு, உடனே போ என்று அர்த்தம். எங்களுக்கு வடக்கே இருந்தவர்களுக்கு உத்தரவு வந்தபோது எங்கள் தெருவுக்கு எச்சரிக்கைதான். ஆனால் அறுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவர், பத்து வயதுப் பெண், நாலு வயதுப் பையன், இவர்களை வைத்துக்கொண்டு உத்தரவுக்காகக் காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணவர் கால்டெக் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்ததும் கிளம்புவது என்று முடிவு செய்தோம். அவர் வருவதற்குள் கரண்ட் போய்விட்டது. கராஜ் கதவு திறக்கவில்லை. மேலே மோட்டாரிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும், அதை இழுத்துவிட்டால் கதவைக் கையால் தூக்கலாம். அமெரிக்காவில் கராஜ் உள்ள வீட்டில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை இழுத்துப் பார்த்துவிடுங்கள். இருட்டில், புகையில், ஸ்டூல் போட்டு ஏறித் தேடும் பொருள் இல்லை அது.

என்ன எடுத்துக்கொண்டோம் என்று நிறையப் பேர் கேட்டார்கள். பாஸ்போர்ட்டுகள், எச்1பி ஒப்புதல் தாளான ஐ-797, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணச் சான்றிதழ். நகை வங்கி லாக்கரில் இருந்தது. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது அத்தையின் மாத்திரைப் பை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆறு மாதத்துக்கான மாத்திரையை ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அது போனால் இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் ஒன்றும் வாங்க முடியாது. விசிட்டர் காப்பீட்டில் பழைய வியாதிக்கு மருந்தும் கிடைக்காது.

செரிட்டோஸில் இருக்கும் தோழியிடம் வருகிறோம் என்று சொல்லக் கூப்பிட்டேன். அவள்தான், "போறதுக்கு முன்னாடி வீட்டை வீடியோ எடுத்துடு, அலமாரியெல்லாம் திறந்து எடு" என்றாள். டார்ச் பிடித்துக்கொண்டு மகள் அறை அறையாகப் போய் எடுத்தாள். பீரோ, ஃபிரிட்ஜ், செருப்பு ஸ்டாண்டு, மளிகை அலமாரி, தம்பியின் பொம்மைப் பெட்டி வரைக்கும். அவளுக்கு அது விளையாட்டு. அந்த வீடியோவின் மதிப்பு எங்களுக்கு மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது.

210 நெடுஞ்சாலையில் கிழக்கே போய் 605இல் தெற்கே திரும்பினோம். சிக்னல் எதுவும் எரியவில்லை. சாலை முழுக்கப் பனை மட்டையும் ஒடிந்த கிளையும். கார் காற்றில் பக்கவாட்டில் தள்ளாடியது. பையன் தூங்கிவிட்டான், அது ஒரு புண்ணியம்.

அன்று ராத்திரி யாரும் தூங்கவில்லை. வாட்ச் டியூட்டி என்று ஒரு செயலி இருக்கிறது. தீ எங்கே இருக்கிறது, எந்த வட்டாரத்துக்கு என்ன உத்தரவு என்று தன்னார்வலர்கள் வானொலியைக் கேட்டு உடனுக்குடன் போடுவார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆல்டடீனாவில் லேக் அவென்யூவுக்குக் கிழக்கே இருந்தவர்களுக்கு மாலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. மேற்கே இருந்தவர்களுக்கு வந்தது விடியற்காலை மூன்று மணிக்கு மேல். அதற்குள் அங்கே வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. இந்தத் தீயில் 19 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்த மேற்குப் பக்கத்துக்காரர்கள், வயதானவர்கள். 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பல தலைமுறையாகக் கறுப்பினக் குடும்பங்கள் சொந்தமாக வீடு வைத்திருந்த பகுதி அது. போனுக்கு உத்தரவு வந்தால்தான் கிளம்புவேன் என்று யாராவது சொன்னால் அன்றிலிருந்து நான் இதைத்தான் சொல்கிறேன்.

9ஆம் தேதி சாயங்காலம் ஒரு கூத்து. தோழி வீட்டில் இருந்த எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறின. வெளியேற்ற எச்சரிக்கை! ஒரு சின்னப் பகுதிக்கு அனுப்ப வேண்டியதை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) முழுக்க, ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது தவறு என்று இன்னொரு செய்தி வந்தது. அதற்குள் அத்தை மாத்திரைப் பையோடு வாசலில் செருப்பு மாட்டி நின்றார். மறுநாள் வைகுண்ட ஏகாதசி. இந்த அமளியிலும் விரதத்தை விடவில்லை.

திரும்பிப் போக அனுமதி கிடைத்தபோது தெரு முனையில் நேஷனல் கார்ட் வீரர்கள் நின்றார்கள். அந்த வட்டாரத்தில் குடியிருப்பதற்குச் சான்று கேட்டார்கள். நாங்கள் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, லைசென்சில் பழைய முகவரி. போனில் இருந்த மின்கட்டண ரசீதைக் காட்டி உள்ளே போனோம்.

வீடு அப்படியே நின்றது. கதவைத் திறந்ததும் ஒரு வாடை. விறகுப் புகை வாடை இல்லை. பிளாஸ்டிக்கும் ரப்பரும் எண்ணெயும் கலந்த, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் வாடை. ஜன்னல் சட்டத்தில், ஏசி வாயில், அரிசி டப்பா மூடிமேல் மெல்லிய சாம்பல். அத்தைக்கு இது பெரிதாகப் படவில்லை. "நான் விறகடுப்புப் புகையில வளந்தவ. தொடச்சுட்டாப் போச்சு" என்றார். ஆனால் இங்கே எரிந்தது விறகு இல்லை. பெயின்ட், வயர், கார் பேட்டரி எல்லாம் எரிந்திருந்தது, சாம்பலில் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் கலப்பதை 1978இல்தான் தடை செய்தார்கள், ஆல்டடீனா வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தியவை. எங்களுக்குத் தெற்கே வெகு தொலைவில் இருக்கும் பிகோ ரிவேராவிலேயே அந்த நாட்களில் காற்றில் ஈயம் வழக்கத்தைவிட நூறு மடங்குக்கு மேல் ஏறியிருந்ததாக அளவீடு காட்டியது. நாங்கள் தப்பி ஓடிய 605 அந்த ஊர் ஓரமாகத்தான் போகிறது.

குடிநீருக்கும் அறிவிப்பு வந்தது. காய்ச்சினாலும் குடிக்காதே என்று. நமக்குக் காய்ச்சினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற பழக்கம். எரிந்த குழாய் வழியாக பென்சீன் மாதிரியான பொருள் கலந்திருந்தால், காய்ச்சும்போது அது ஆவியாகி நம் மூக்குக்குத்தான் வரும். பாசடீனாவில் சீக்கிரமே சரியாகிவிட்டது. ஆல்டடீனாவின் சில பகுதிகளில் மாதக்கணக்கில் நீண்டது.

அப்புறம் காப்பீடு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு இது ஒரு முக்கோணம். சுவரும் கூரையும் வீட்டுக்காரரின் காப்பீட்டில் வரும், உள்ளே இருக்கும் பொருளும் வெளியே தங்கும் செலவும் எங்கள் காப்பீட்டில். வீட்டுக்காரர் ஆள் வைத்துத் துடைத்துவிட்டேன் என்றார், பரிசோதனைக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. எங்கள் காப்பீட்டுக் கம்பெனியில் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து மோந்து பார்த்துவிட்டு, எதுவும் எரியவில்லையே என்றார். வீட்டை முறைப்படி சுத்தம் செய்தால்தான் பொருளைப் பற்றிப் பேச முடியும் என்று அட்ஜஸ்டர், பொருளை எடுத்தால்தான் சுத்தம் செய்ய முடியும் என்று வீட்டுக்காரர். அட்ஜஸ்டர் அடிக்கடி மாறுவார், புதிதாக வருகிறவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். போனில் பேசிய ஒவ்வொன்றையும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவைத்தேன். அது கடைசியில் ரொம்ப உதவியது.

முடிவில் நாங்களே பணம் கட்டி ஒரு நிபுணரைக் கூப்பிட்டுத் தூசியைச் சோதித்தோம். துடைத்த பிறகும் ஜன்னல் ஓரங்களில் ஈயம் இருந்தது. பையனுக்கு நாலு வயது, எல்லாவற்றையும் வாயில் வைக்கிற பழக்கம் அப்போதும் முழுதாகப் போகவில்லை. கவுண்டி இலவசமாகச் செய்த ரத்தப் பரிசோதனையில் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த ஆய்வறிக்கையைக் காட்டித்தான் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு தெற்கே ஆல்ஹாம்ப்ராவில் ஒரு அபார்ட்மென்டுக்குப் போனோம்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பேரிடர் உதவி தரும் ஃபெமாவின் பண உதவி எச்1பிகாரர்களுக்குக் கிடையாது. ஆனால் வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள சிறு பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளை சார்பில் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அப்படித்தான் இங்கே பிறந்த மகன் சார்பில் போட்டோம், அவசரத் தேவைக்கான 770 டாலர் வந்தது. நமக்கு இல்லை என்று நினைத்து நிறைய நண்பர்கள் கேட்காமலேயே விட்டுவிட்டார்கள்.

சாமான்களில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்பதில்தான் வீட்டுக்குள் சண்டை. பாத்திரம், கண்ணாடி, மரச் சாமான் துடைத்தால் போதும். மெத்தை, தலையணை, சோபா, துணி பொம்மை போக வேண்டியதுதான். திறந்த மளிகையும் அப்படித்தான். அத்தை போடியில் அரைத்துக் கொண்டுவந்த சாம்பார்ப் பொடி, வெங்காய வடகம், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம். ஊறுகாய் பாட்டில் மூடி இறுக்கமாக இருந்ததால் தப்பியது. பொடியையும் வடகத்தையும் குப்பைப் பையில் போட்டபோது அவர் என்னோடு பேசவில்லை. அன்று மட்டுமில்லை, மறுநாளும்.

காப்பீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், வாங்கிய இடம், வயது, விலை எழுத வேண்டும். மகளின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதினோம். மெத்தை, சோபா எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தும் "சேதமில்லை, புகை பட்டது மட்டுமே" என்று மறுத்தார்கள். மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுத்த பிறகு கோடையில்தான் பணம் வந்தது. வடகத்துக்கு மட்டும் அத்தை சொன்ன விலையை அப்படியே போட்டேன், வாங்கிய இடம் என்ற கட்டத்தில் "வீட்டு மொட்டைமாடி, போடிநாயக்கனூர்" என்று எழுதினேன். நாற்பது டாலர். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அதை முதல் செக்கிலேயே கொடுத்துவிட்டார்கள்.