உப்புத்தாள் போட்ட புகாரா கத்தி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் எனக்குக் 'கத்தி ஆச்சி' என்று பேராம். இருக்கட்டும். மற்றவர்கள் அங்குள்ள பழஞ்சாமான் கடைகளில் எனாமல் தூக்கும் பீங்கான் ஜாடியும் தேடுவார்கள். நான் மத்திய ஆசியக் கத்தி கேட்பேன். கொண்டுவிற்கப் போன எங்கள் ஐயாக்கள் பர்மாத் தேக்கு கொண்டுவந்தார்கள், மலாயாவிலிருந்து கிரிஸ் என்ற குத்துக்கத்திகூடக் கொண்டுவந்தார்கள். மத்திய ஆசியாவில் இருக்கும் புகாரா பக்கம் யாரும் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் இங்கே வருவதெல்லாம் வடக்கே பல கை மாறி வந்த சரக்கு. கடைக்காரர் "அரண்மனைச் சாமான் ஆச்சி" என்று ஆரம்பித்தால் நான் காதை மூடிக்கொண்டு கத்தியின் முதுகைப் பார்ப்பேன்.

பேஷ் கப்ஸ் என்ற குத்துக்கத்தி என்றால் முதுகு பட்டையாக அகன்று, அலகு அதிலிருந்து மெலிந்து இறங்கும். சங்கிலிக் கவசத்தில் குத்தினால் வளையக்கூடாதே! கார்ட் என்ற கத்தி அப்படியில்லை, நேரான அலகு, ஒருபக்கக் கூர். பிடி எதில் செய்தது என்பதற்கு லென்ஸ் வேண்டும். எலும்பில் பொடிப்பொடிப் புள்ளிகள் தெரியும். யானைத் தந்தத்தில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். வடகடலிலிருந்து வந்த, வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தமானால் உள்பாகம் குழைந்த நொய்க்கஞ்சி மாதிரி திட்டுத்திட்டாக இருக்கும். போன மாதம் வந்த கார்டில் அந்தத் திட்டு தெளிவாக இருந்தது.

ஆனால் அலகு கண்ணாடியாக மின்னியது.

"என்ன தம்பி செஞ்சீங்க?"

"உப்புத்தாள் போட்டேன் ஆச்சி. ஒரே துரு."

வயிறெரிந்தது. மூசையில், அதாவது மண்குகையில், உருக்கிய எஃகு அது. ஒருகாலத்தில் நம் தென்னாட்டு மூசை எஃகு பாரசீகம்வரை கப்பலேறியது. மத்திய ஆசியாவின் பழைய நகரமான மெர்விலும் அந்தக் காலத்தில் மூசை வைத்து உருக்கியிருக்கிறார்கள். இதன் நீர்வரி, அலை மாதிரி ஓடும் கோலம், எஃகுக்கு உள்ளேயே இருப்பது. தேய்த்தால் மறையும், ஃபெரிக் குளோரைடு தடவினால் திரும்ப வரும், அதைத் தெரிந்த கை செய்ய வேண்டும். ஆனால் அலகின் மேலே தங்கக்கம்பி பதித்து எழுதிய வேலை போனால் போனதுதான். பிடியை ஒட்டி, உப்புத்தாள் எட்டாத மூலையில், எழுத்தின் வால் ஒன்று மட்டும் பொன்னாக நின்றது.

வாங்கிவிட்டேன். உறையில் போடவில்லை, தோல் ஈரம் பிடித்துக்கொள்ளும். லேசாக எண்ணெய் தடவி, பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன். அழித்த தங்கத்துக்கு விலையில் கழித்துக்கொண்டேன். இனி துருவோடு வந்தால் துருவோடே எனக்குக் காட்ட வேண்டும் என்றும் சொல்லியாயிற்று. "துருவுக்கும் சேர்த்துக் காசு கேப்பேன் ஆச்சி" என்கிறார் தம்பி.