பருப்புக்கீரையின் புளிப்பு ஒருவழியாகப் பிடிபட்டது

கொல்லையில் தானாக முளைத்த பருப்புக்கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்தால் ஒரு நாள் இதமாக இருக்கும், இன்னொரு நாள் பல் கூசும் அளவுக்குப் புளிக்கும். அதே செடி, அதே பருப்பு, அதே சட்டி. புளி துளிகூடச் சேர்ப்பதில்லை. செடி முற்றிவிட்டதோ, கழுவியது போதவில்லையோ என்று மூன்று மாதமாக எதையெதையோ மாற்றிப் பார்த்தேன்.

கடைசியில் பக்கத்து வீட்டு ஆச்சிதான் கேட்டார்: "எப்பப் பறிக்கிற?" பெரும்பாலும் விடிந்ததும், சில நாள் வெயில் ஏறிய பிறகு என்றேன். "வெயில் ஏறட்டும், அப்புறம் பறி. காலையில அது புளிச்சுத்தான் கெடக்கும்."

சரி, பார்த்துவிடுவோம் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்தியில் காலை 6, பகல் 12, மாலை 4 மணிக்கு ஒவ்வொரு பிடி பறித்துப் பச்சையாகவே மென்றேன். 6 மணி இலை ஏறக்குறைய புளியாரைதான். 12 மணிக்குப் புளிப்பு பாதிகூட இல்லை. 4 மணிக்கு வழவழப்பு மட்டுமே மிச்சம். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது!

தண்ணீர் போதாமல் போனால் இந்தச் செடி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவில் திறந்து கரியமில வாயுவை இழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கும். ஆப்பிளின் புளிப்பும் அந்த அமிலம்தான். பொழுது விடிந்ததும் அதை எடுத்துச் செலவழிக்கும். நான் தண்ணீர் ஊற்றாத சுவரோரத்துச் செடிகள் ஏன் கூடுதலாகப் புளித்தன என்பதும் இப்போது புரிகிறது. எங்கள் வீட்டில் இரவில் கீரை சமைப்பதில்லை, அதனால் 4 மணிக் கீரை பயன்படாது. 12 மணிக்குப் பறித்து உடனே அடுப்பில் ஏற்றுவது என்று முடிவு.

தரையோடு படரும் சிற்றம்மான் பச்சரிசி என்ற களை இதோடு பின்னிக்கொண்டு வரும், தண்டும் அதே சிவப்பு. ஒவ்வொரு தண்டையும் ஒடித்துப் பார்க்கிறேன். பால் வந்தால் தூரப் போட்டுவிடுவேன். பருப்புக்கீரையில் தண்ணீர்ச் சாறுதான் வரும்.

அப்புறம் விதை. பூத்த நுனியைக் கிள்ளாமல் விட்டால் கடைசலில் மணல் மாதிரி நறநறக்கும். காய் முற்றினால் மூடிபோலத் திறந்து கறுப்பு விதையைக் கொட்டிவிடும். மூடி திறக்கும் முன் பறித்து செய்தித்தாளில் காயவைத்திருக்கிறேன். பிடுங்கிய செடி மூன்று நாள் வெயிலில் கிடந்தும் பூத்தது, அதன் உயிர்ப்பை நினைத்தால் ஆச்சரியம்தான்.

எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்கார அம்மா, மழை பெய்தால் பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வேரோடு ஒரு பிடி கேட்டிருக்கிறேன். கிணற்றடியில் மூக்கிரட்டை மாதிரி ஒன்று படர்ந்திருக்கிறது. ஒரே கணுவில் ஓர் இலை பெரிது, ஒன்று சிறிது, அடிப்புறம் வெளுப்பு. பொடிப்பொடியாக இளஞ்சிவப்புப் பூ வரும்வரை அதைத் தொடமாட்டேன்.

அடுத்த சோதனை தண்ணீர்தான். பாதிப் பாத்திக்குத் தினமும் ஊற்றுகிறேன், மீதி காய்கிறது. பத்து நாள் கழித்து இரண்டையும் காலை 6 மணிக்கு மென்று பார்க்க வேண்டும்.