நாலரை மணிக் குழு: பாம்பனிலிருந்து ஒரு நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18, திங்கள்

எச்.எம். மேடம் இன்று சரி சொல்லிவிட்டார். நான் எட்டாவது வரை படித்த அதே நடுநிலைப் பள்ளியில், செவ்வாயும் வியாழனும் மாலை நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை ஒரு வகுப்பறை எங்களுக்கு. ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். நானும் என்னோடு பிளஸ் ஒன் படிக்கும் தோழியும் நடத்தப் போகிறோம். இது டியூஷன் இல்லை. நாலு பேர் நடுவில் எழுந்து பேசுவது, மற்றவர் பேசும்போது காது கொடுத்துக் கேட்பது, ஏற்ற வேலையைப் பாதியில் விடாமல் முடிப்பது. தலைமைப் பண்பு என்று விண்ணப்பத்தில் எழுதினோம்.

தீவிலிருந்து ராமநாதபுரத்துக்குப் போட்டிகளுக்குப் போகும் எங்கள் பிள்ளைகள் படிப்பில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் "உங்க டீமுக்கு யார் கேப்டன்?" என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பதினைந்து வயதில் அதைப் பழக ஆரம்பிப்பது கஷ்டம். பத்து வயதில் ஆரம்பித்தால் விளையாட்டோடு விளையாட்டாக வந்துவிடும்.

2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கிடையாது என்று இந்த மாதம்தான் அறிவித்தார்கள். அடுத்த வருஷம் பிளஸ் டூ, தலை நிமிர முடியாது. செய்வதென்றால் இந்த வருஷம்தான்.

மேடம் போட்ட நிபந்தனைகள்: ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஒரு டீச்சர் வளாகத்தில் இருப்பார். இருட்டும் முன் எல்லோரும் கூட்டமாகத்தான் வீடு திரும்ப வேண்டும். பிள்ளைகளின் பெயரையோ படத்தையோ எங்கும் போடக் கூடாது. அதனால் இங்கேயும் பெயர்கள் வராது.

ஆகஸ்ட் 20, புதன்

கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனோம். அப்பாக்கள் பெரும்பாலும் கடலுக்குப் போயிருந்தார்கள், இல்லையென்றால் தூக்கத்தில் இருந்தார்கள். பேசியதெல்லாம் அம்மாக்கள். "மார்க் கூடுமா?" என்று சிலர் கேட்டார்கள். ஒரு அம்மா கேட்டதுதான் பெரிய கேள்வி: "இவ அங்க வந்துட்டா தண்ணி யாரு பிடிக்கிறது?"

எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பு. குழாயில் நல்ல தண்ணீர் வரும் நேரம்தான் வீட்டின் நேரம். குடத்தோடு நிற்பது அநேகமாகப் பெண்பிள்ளைகள். நேரம் தவறினால் சேர்க்க மாட்டோம் என்று விதி வைத்தால் முதலில் வெளியே நிற்கப் போவது அவர்கள்தான். அதனால் அங்கேயே முடிவு செய்தோம்: தண்ணீர் பிடித்துவிட்டு ஐந்து மணிக்கு வந்தாலும் இடம் உண்டு, ஏன் தாமதம் என்று யாரும் கேட்க மாட்டோம். அந்த அம்மா கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

14 பேர் வந்தார்கள். சுண்டல் கொடுத்துத்தான் ஆரம்பித்தோம். மதியம் சாப்பிட்ட பிள்ளை மாலை நாலரைக்கு எதையும் பசியோடுதான் கேட்கும்.

"ஒரு தலைவரை வரையுங்கள்" என்றோம். கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் வெள்ளைச் சட்டை, மைக், மேடை. இரண்டு தாளில் மட்டும் வகுப்பு லீடர். கையில் குச்சி, கரும்பலகையில் "பேசியவர்கள்" என்ற தலைப்பில் பெயர்ப் பட்டியல். அதிகம் பேசியவனுக்குப் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகூடப் போட்டிருந்தது.

அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் லீடர் என்று முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான்: மற்றவனைக் காட்டிக்கொடுப்பவன், அவன் வாயை மூட வைப்பவன். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொறுப்பு என்று கொடுக்க இதைவிட நல்ல வேலை நம்மிடம் இல்லையா? வகுப்பில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு நோட்டு இல்லை, இரண்டு நாளாக யார் வரவில்லை என்று பார்க்கச் சொல்லலாமே. இந்தக் குழுவில் யாரும் யார் பெயரையும் பலகையில் எழுதக் கூடாது. எங்கள் முதல் விதி இது.

ஆகஸ்ட் 28, வியாழன்

தனுஷ்கோடிப் பக்கம் பல வருஷம் கரைவலை இழுத்த பெரியப்பா ஒருவரை அழைத்திருந்தோம். மைதானத்தில் பழைய வலைத் துண்டை விரித்தார். இரண்டு பக்கமும் நீளக் கயிறு, நடுவில் மீன் சேரும் பை போன்ற மடி, மடிக்குள் காகித மீன்கள். ஒரு கயிற்று முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளத்தில் போய் அரைவட்டமாக வலையை வளைத்து, மறு முனையைக் கொஞ்சம் தள்ளிக் கரை சேர்ப்பார்கள். அப்புறம் இரண்டு கூட்டமும் இழுத்துக்கொண்டே ஒன்றையொன்று நோக்கி நெருங்கி வர வேண்டும். பிள்ளைகள் இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். ஏழாம் வகுப்புப் பையன்கள் இருந்த பக்கம் பலம் அதிகம். அவர்கள் வேகமாக இழுக்க, மடி ஒருபக்கமாகச் சாய்ந்து மீன் எல்லாம் கொட்டிவிட்டது.

பெரியப்பா சத்தமே போடவில்லை. "நீங்க ஜெயிச்சிட்டீங்க. மீனு போயிருச்சு" என்றார். மறுபடி விரித்தார். இந்த முறை ஒருவர் இழுக்காமல் தள்ளி நின்று இரண்டு பக்கத்தையும் பார்த்துக் குரல் கொடுக்க வேண்டும். யார் நிற்பது? எல்லோரும் பெரிய பையனைக் காட்டினார்கள். அவரோ தண்ணீர் பிடித்துவிட்டு அப்போதுதான் வந்து ஓரமாக நின்ற ஐந்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டார். "இவதான் இப்ப வரைக்கும் வேடிக்கை பாத்தா. இவளுக்குத்தான் எங்க கோணுச்சுன்னு தெரியும்."

அவள் குரல் முதலில் எழும்பவே இல்லை. "அந்தப் பக்கம் நில்லு... இந்தப் பக்கம் இழு..." என்று மெதுவாக ஆரம்பித்து, பாதிக்கு மேல் கத்தியே விட்டாள். மீன் கரைக்கு வந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

நிரந்தரத் தலைவர் வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நாலு வேலை: நடத்துபவர், நேரம் பார்ப்பவர், பேசியதை நோட்டில் எழுதுபவர், இன்னும் வாய் திறக்காதவரைப் பேச வைப்பவர். வாரா வாரம் மாறும்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப நிஜமான லீடர் யாருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் நன்றாகப் பேசுவான், எல்லோரும் அவனுக்குத்தான் ஓட்டுப் போடுவார்கள். அவனுக்கு இது நஷ்டமாகத்தான் தெரியும். நாலாவது வேலையை முதலில் அவனிடம் கொடுத்தோம். அவன் பேசாமல் மற்றவரைப் பேச வைக்க வேண்டும். மணி ஐந்தே முக்கால் ஆகும்போது, "இதுதான்கா கஷ்டம்" என்றான்.

செப்டம்பர் 11, வியாழன்

காலாண்டுத் தேர்வு வருகிறது. காந்தி ஜெயந்தி கழிந்து சேருவோம்.

அக்டோபர் 7, செவ்வாய்

திரும்ப வந்தது 11 பேர். வராத மூவரில் இரண்டு பையன்கள் மாலையில் மீன் பிரிக்கப் போகிறார்கள். அதில் வரும் காசு வீட்டுக்கு வேண்டியிருக்கிறது. அவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதற்கு எங்களிடம் இன்னும் வழி இல்லை. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் வைக்கலாமா என்று தோழி கேட்கிறாள். டீச்சரிடம் பேச வேண்டும்.

இன்று சின்னப்பாலம் லட்சுமி அம்மாவைப் பற்றிப் பேசினோம். அவர் ஊர் இங்கிருந்து கூப்பிடு தூரம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்களைச் சங்கமாகச் சேர்த்தவர்களில் முன்னால் நின்றவர். 21 தீவுகள் உள்ள அந்தக் கடலை 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் வனத்துறைக்கும் இழுபறி. அந்தப் பெண்கள் உரிமை கேட்டதோடு நிற்கவில்லை. மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள்தான் எடுப்போம், பாசி வளர விடுவோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் அமெரிக்காவில் உள்ள சீகாலஜி அமைப்பு லட்சுமி அம்மாவுக்கு விருது கொடுத்தது.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, "எங்க அம்மாவும்தான் பாசி எடுக்குது" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இனி தலைவரை வரையச் சொன்னால் அந்தப் பிள்ளை வெள்ளைச் சட்டை வரைய மாட்டாள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 16, வியாழன்

நேற்று கலாம் பிறந்தநாள். பேய்க்கரும்பு நினைவிடத்தில் கூட்டம். எங்கள் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரியும்: 1931, ராமேஸ்வரம், பேப்பர் போட்டது, குடியரசுத் தலைவர் ஆனது. மேடைப் பேச்சுக்கு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நான் சதீஷ் தவானைப் பற்றிச் சொன்னேன்.

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல். திட்ட இயக்குநர் கலாம். ராக்கெட் கடலில் விழுந்தது. பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து பதில் சொன்னவர் இஸ்ரோ தலைவர் தவான். தோல்வியைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் அதே எஸ்எல்வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்றைக்குத் தவான் பத்திரிகையாளர்களைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாம் இதைத் தன் பேச்சுகளில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

வகுப்பு அமைதியாக இருந்தது. அப்புறம் ஒருவன் கேட்டான்: "அவரு திட்டு வாங்கினாரா?" வாங்கியிருப்பார் என்றேன். "அப்ப லீடர்னா திட்டு வாங்கணுமா?" ஆமாம், தன் ஆட்களுக்காக வாங்கத்தான் வேண்டும் என்றேன். நடத்தும் வேலை வேண்டும் என்று கை தூக்குகிறவர்கள் அடுத்த முறை குறைவார்களோ என்று தோழி பயந்தாள். குறையவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

பேசியது போதும், இனி ஒரு வேலை வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டார்கள். மழைக்காலம் வந்துவிட்டது. என்ன வேலை என்று அரை மணி நேரம் வாதாடி அவர்களே முடிவு செய்தார்கள்: புயல் வந்தால் எங்கள் மூன்று தெருவில் யாருக்கு முதலில் உதவி வேண்டும் என்று ஒரு வரைபடம்.

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் எல்லோருக்கும் தெரியும். எண்ணுக்கு என்ன பொருள் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1, 2 என்றால் புயலோ புயலாகக்கூடியதோ தொலைவில் இருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை. 5-லிருந்து 7 வரை அபாயம், 8-லிருந்து 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. இதைச் சார்ட்டில் எழுதியது ஆறாம் வகுப்பு.

என் அப்பத்தா வந்து 1964 புயலைப் பற்றிப் பேசினார். டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடி போனது, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு ரயில் போனது. "இருட்டுல யார் எந்த வீட்ல இருக்காங்கன்னு தெரிஞ்சவன்தான் உதவ முடியும்" என்றார். பிள்ளைகள் கேட்ட கேள்வியில் வீட்டுக்குப் போகும் நேரம் தாண்டப் பார்த்தது. நேரம் பார்ப்பவள் அப்பத்தாவையே நிறுத்திவிட்டாள். அவருக்கு அது பிடித்திருந்தது.

நவம்பர் 6, வியாழன்

இரண்டு வாரமாகத் தெருவில்தான் வேலை. மூன்று மூன்று பேராக, எங்களில் ஒருவர் கூடவே. கேள்விகள் அவர்கள் போட்டவை: வீட்டில் நடக்க முடியாதவர் உண்டா, கர்ப்பிணி உண்டா, கைக்குழந்தை உண்டா, ராத்திரி தனியாக இருப்பவர் யார், கரண்ட் போனால் செய்தி எப்படித் தெரியும். கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் போன். டவர் போய்விட்டால்? சில வீடுகளில் பேட்டரி ரேடியோ இருக்கிறது, எங்கள் ஊர் சமுதாய வானொலி கடல் ஓசை 90.4 கேட்கிறார்கள். அந்த வீடுகளுக்குப் பச்சைப் புள்ளி வைத்தோம். அங்கிருந்து அக்கம்பக்கத்துக்குச் செய்தி போக வேண்டும்.

ஒரு வீட்டில் தாத்தா, "என்ன கணக்கெடுக்க வந்துட்டீங்களா, போங்க" என்று விரட்டினார். பெரிய பையன் பதில் பேச வாயெடுத்தான். அன்றைக்கு நடத்தும் பொறுப்பு தண்ணீர் பிடித்துவிட்டு வரும் பிள்ளைக்கு. அவள் அவனைக் கையால் நிறுத்திவிட்டு, "சரி தாத்தா, அப்புறம் வரோம்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை குடத்தோடு போகிற வழியில் அவள் தனியாக நின்று பேசியிருக்கிறாள். தாத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. அது தெருவில் தெரிய வேண்டாம் என்று நினைத்திருக்கிறார்.

அன்று மாலை பிள்ளைகள் புதிதாக ஒரு விதி எழுதினார்கள்: வரைபடத்தில் வீட்டு எண்ணும் புள்ளியும் மட்டும். யாருக்கு என்ன உடம்பு என்று எழுதக் கூடாது. எனக்கு இது தோன்றவே இல்லை. இத்தனை நாளில் எனக்கு மிகப் பெரிய சந்தோஷம் கொடுத்த வரி இதுதான்.

நவம்பர் 13, வியாழன்

கிராம நிர்வாக அலுவலர் பள்ளிக்கு வந்தார். வரைபடத்தைப் பிள்ளைகளே விளக்கினார்கள். நானும் தோழியும் கடைசி பெஞ்சில். முதலில் உதவி வேண்டிய, சிவப்புப் புள்ளி வைத்த வீடுகளுக்கு யார் போவது என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர்களில் இரண்டு பேரைப் பேசி வைத்திருக்கிறோம், பிள்ளைகள் புயலில் வெளியே வரக் கூடாது என்று எங்களுக்கு விதி இருக்கிறது என்று ஏழாம் வகுப்புப் பையன் சொன்னான். அவர் ஒரு நகல் எடுத்துக்கொண்டார். ஒரு நகல் எச்.எம். மேடம் அறையில் இருக்கும்.

ஞாயிறு வகுப்புக்கு டீச்சர் சம்மதம் கிடைத்தது. மீன் பிரிக்கப் போகும் இருவரில் ஒருவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். இன்னொருவன் வீட்டில் நாளை பேச வேண்டும்.

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு அப்புறம் அவர்களுக்கு ஒரு குழு. நடத்தப் போவது ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான். பெற்றோர் கையெழுத்துக்கு வீடு வீடாகப் போகும் வேலையை ஆறாம் வகுப்பு ஏற்றுக்கொண்டது. "தண்ணி பிடிக்கிற நேரத்துல போகக் கூடாது" என்று நோட்டில் முதல் வரியாக எழுதியிருக்கிறார்கள். சுண்டலுக்குக் கடலை கூடுதலாக வாங்க வேண்டும்.