விங்கு ஒருவழியா ஆடாம நிக்குது: டிக்கி மூடி, நாலு ஸ்லீவு, ஒரு அரிசி மூட்டை

நேத்து ராத்திரி தெருவுலயே வண்டிய நிறுத்தி, டிக்கி மேல மாட்டியிருக்கற விங்கு (ஸ்பீடுல போகும்போது காத்த வெச்சு பின்பக்கத்த கீழ அமுக்கற றெக்கை) மேல வீட்டு அரிசி மூட்டைய ஏத்தி (26 கிலோ பொன்னி), அதுக்கு மேல பத்து லிட்டர் தண்ணி கேன் ஒண்ணயும் கட்டி வெச்சிட்டு விங்கோட சாய்வ காட்டற ஆங்கிள் கேஜ பாத்தா 8 டிகிரி இருந்தது 7.6 காட்டுது. அவ்ளோதான் எறங்குச்சு. மூணு மாசம் முன்னாடி மூட்டை மட்டும் வெச்சதுக்கே 8 டிகிரி அப்டியே 5க்கு போச்சு. காணாம போன அந்த டிகிரிய தேடித்தான் மூணு மாசம், ரெண்டு செட் ப்ளேட்டு, ஒரு டப்பா ப்ரைமர், வீட்ல எல்லார்கிட்டயும் திட்டு.

வண்டி பழைய ஹோண்டா சிட்டி கார், டைப் 2 விடெக், 2002 மாடல். ஃப்ரன்ட் வீல் ட்ரைவ் வண்டிக்கு பின்னாடி எதுக்குடா விங்குன்னு கேக்கறவங்களுக்கு ஒரு தடவ சொல்லிடறேன். பின்னாடி தடி ஆன்ட்டி ரோல் பார் (திரும்பும்போது வண்டி சாயாம பிடிக்கற கம்பி) போட்டதுலருந்து ஸ்லோ கார்னர்ல வண்டி சும்மா அல்வா மாதிரி திரும்புது, ஆனா இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்ல சி1 (மொத கார்னர்) மாதிரி ஃபாஸ்ட் ரைட்ல ஆக்ஸிலேட்டர்லருந்து லேசா கால எடுத்தாலே வால் வெளிய வந்துடும். போன வருஷம் அப்டித்தான் வந்த வழிய பாத்துகிட்டே புல்லுல போய் குந்தினேன். ஸ்லோல அந்த பார் வேல செய்யணும், ஃபாஸ்ட்ல மட்டும் பின்பக்கம் அமுங்கணும், இது ரெண்டும் வேணும்னா விங்குதான். ஸ்பீடு டபுள் ஆனா டவுன்ஃபோர்ஸ் (காத்து கீழ அமுக்கற பலம்) நாலு மடங்கு. என் விங்கு 1.4 மீட்டர் நீளம், 25 சென்டி கார்டு (முன் ஓரத்துலருந்து பின் ஓரம் வரைக்கும் அகலம்), விங்கு எவ்ளோ நல்லா அமுக்குதுங்கற கோயஃபிஷியன்ட் 1னு வெச்சு கணக்கு போட்டா 60ல ஆறு கிலோ கூட தேறாது, 120ல 23 கிலோ, 150ல 36 கிலோ. மெயின் ஸ்ட்ரெய்ட் கடைசில என் வண்டி 150 தொட்டாலே பெரிய விஷயம். மூட்டையும் கேனும் சேந்தா சரியா 36, டெஸ்ட் வெயிட்டு அங்கருந்து வந்ததுதான்.

விங்கு ஆன்லைன்ல வாங்கினது, ஃபைபர். யாருகிட்டன்னு கேக்காதீங்க, சொல்ற மாதிரி இல்ல. பார்சல் பிரிக்கும்போதே இடது ஓரம் விரிசல், ஃபோட்டோ அனுப்பினேன், ரெண்டு நாள் ப்ளூ டிக், அப்புறம் அதுவும் இல்ல. நம்ம ஏரியால இருக்கற ஒரே சவுகரியம் ஃபைபர் வேலைக்கு ஆள் தேட வேணாம். காசிமேட்டுல போட் ரிப்பேர் பண்ற அண்ணன்கிட்ட தூக்கிட்டு போனேன். கையில வாங்கி நகத்தால ரெண்டு தட்டு தட்டிட்டு, "இன்னா தம்பி, மேல பெயிண்டு பளபளன்னு கீது, உள்ள அப்பளமாட்டம் கீதே"ன்னாரு. விரிசல ரெண்டு பக்கமும் சரிவா தேச்சு எடுத்து, ஃபைபர் மேட் மூணு லேயர் போட்டு, விங்க டிக்கியோட பிடிக்கற ஸ்டாண்டு உக்கார்ற இடத்துல உள்ளயும் ரெண்டு லேயர் ஏத்தி குடுத்தாரு. வீட்லயே பண்ணலாம்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு: ஃபைபருக்கு ஊத்தற ரெசின்ல ஆக்ஸிலரேட்டர் (சீக்கிரம் இறுக வைக்கற கெமிக்கல்) முழுசா கலந்தப்புறம்தான் கேட்டலிஸ்ட் (இறுகறத ஆரம்பிச்சு வைக்கறது) ஊத்தணும், அது ரெண்டயும் நேரா ஒண்ணா ஊத்தினா தீயே பிடிச்சுக்கும். அண்ணன் அந்த ரெண்டு டப்பாவையும் ஒரே அலமாரில கூட வைக்கறதில்ல.

மொத தடவ மாட்டினது பெருமையா சொல்லிக்கற மாதிரி இல்ல. டிக்கி மூடில நாலு ஓட்டை, உள்ள 2 மில்லி தகர ப்ளேட்டு, தண்ணி எறங்கக் கூடாதுன்னு மேல தடியா ரப்பர் வாஷர், எம்8 (8 மில்லி) போல்ட்டு, நைலாக் நட்டு (தானா லூஸ் ஆகாதது). கைய வெச்சு ஆட்டி பாத்தா கல்லு மாதிரி இருந்துச்சு. கையால ஆட்டி பாக்கறதெல்லாம் டெஸ்டே இல்லன்னு ட்ராக்ல போய்தான் தெரிஞ்சுது.

ட்ராக் டேக்கு (ரேஸ் ட்ராக்ல நம்ம வண்டிய ஓட்ட விடற நாள்) போகும்போது அம்மாவோட உல்லன் நூலு கொஞ்சம் கட் பண்ணிட்டு போனேன். விங்குக்கு அடிப்பக்கம் பத்து சென்டிக்கு ஒண்ணுன்னு நூல டேப் போட்டு ஒட்டி, டிக்கி மேல ஒரு கேமராவ விங்க பாத்தாப்ல வெச்சாச்சு. அடிப்பக்கம்தான் முக்கியம், சக்ஷன் அங்கதான், காத்து விட்டுப்போனா மொதல்ல விடறதும் அங்கதான். 8 டிகிரில எல்லா நூலும் தலை வாரின மாதிரி நேரா பின்னாடி பாத்துது. பேராசைல 14 வெச்சேன். நடுவுல இருந்த அஞ்சாறு நூலு மட்டும் பேய் பிடிச்ச மாதிரி சுத்துது, ரெண்டு ஓரமும் ஒழுங்கா இருக்கு. செடான்ல கூரை தாண்டி பின் கண்ணாடி மேல காத்து கீழ்நோக்கி எறங்கும், அதனால நடு விங்குக்கு மட்டும் நிஜ ஆங்கிள் நாம வெச்சத விட அதிகம், அங்கதான் மொத ஸ்டால், அதாவது காத்து விங்க விட்டுப்போறது. 14 ரொம்ப ஜாஸ்தின்னு புரிஞ்சுது. சரின்னு திருப்பி 8க்கு வந்தா, பின்னாடி வந்த ஃப்ரெண்டு அவன் வீடியோவ காட்றான், ஸ்ட்ரெய்ட்ல போகப் போக விங்கோட பின் ஓரம் கண்ணுக்கு தெரியற மாதிரி அமுங்குது, ப்ரேக் போட்டதும் ஸ்ப்ரிங் மாதிரி எழும்புது. பிட்ல (ட்ராக் ஓரமா வண்டிய நிறுத்தற இடம்) வந்து பாத்தா நாலு ஓட்டைய சுத்தியும் பெயிண்டுல முடி மாதிரி வெடிப்பு.

அதோட அன்னிக்கு ஓட்டறத நிறுத்திட்டேன். 1969ல ஸ்பெயின் மோன்ட்ஜூயிக்ல ஃபார்முலா ஒன் ரேஸ்ல கிரகாம் ஹில், யோகன் ரின்ட் ரெண்டு பேரோட லோட்டஸ் கார்லயும் விங்கு முறிஞ்சு பெரிய ஆக்ஸிடென்ட், அடுத்த மொனாக்கோ ரேஸ்லயே உயர விங்குக்கு தடை போட்டாங்க. லோட்டஸ்க்கே அந்த கதின்னா நம்ம முக்கா மில்லி தகரம் எம்மாத்திரம்.

பை தி வே, ராயபுரத்துலருந்து காலைல அஞ்சு மணிக்கு கெளம்பி கன்டெய்னர் லாரி நடுவுல நுழைஞ்சு, ஊர குறுக்கால தாண்டி, பூந்தமல்லி தாண்டி ட்ராக்குக்கு போறது தனி பேஜாரு. 1990ல இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வர்றதுக்கு முன்னாடி ரேஸ்னா நம்ம பக்கம் சோழவரம்தான், ரெண்டாம் உலகப்போர் காலத்து ஏர் ஸ்ட்ரிப்ல. எங்க மாமா செங்குன்றம் பஸ்ல தொங்கிட்டு போய் பாத்த கதைய இன்னும் சொல்லிட்டு இருக்காரு. நமக்கு குடுத்து வைக்கல.

வீட்டுக்கு வந்து மூட்டைய வெச்சு பாத்தப்பதான் 5 டிகிரி மேட்டர் தெரிஞ்சுது. மொத சந்தேகம் ரப்பர் வாஷர், அத தூக்கிட்டு நைலான் வாஷர் போட்டேன். 5.6. அடுத்து ப்ளேட்ட 4 மில்லி ஆக்கினேன். 5.9. காசு போச்சு. அப்புறம் டிக்கி உள்பக்கம் கார்பெட்ட பிரிச்சுட்டு டார்ச் அடிச்சு பாத்தா விஷயம் அங்க இருக்கு. ப்ளேட்டு பிடிச்சுட்டு இருந்தது மேல் தகரத்த மட்டும்தான், அதுவும் உள் ஃப்ரேம்ல ஏற்கனவே இருக்கற பெரிய ஓட்டை வழியா உள்ள விட்டது. மூடிக்கு பலமே அந்த உள் ஃப்ரேம்தான், அதுக்கும் விங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பாயாசத்துல கம்பம் நட்ட கதை.

அப்போ நேரா உள் ஃப்ரேமயும் ஓட்டை போட்டு போல்ட்ட கீழ வரைக்கும் எறக்கி டைட் பண்ணலாமேன்னா, நடுவுல வெத்து இடம், டைட் பண்ண பண்ண மேல் தகரம் குழியும். அதுக்குதான் ஸ்லீவு, நடுவுல முட்டு குடுக்கற குழாய். 16 மில்லி ராடு, நடுவுல எம்8க்கு ஓட்டை. உள் ஃப்ரேம்ல 17 மில்லி ஓட்டை போட்டு ஸ்லீவ கீழருந்து ஏத்தணும், தலை மேல் தகரத்துல முட்டணும், கால் கீழ ப்ளேட்டுல நிக்கணும், அதே நேரம் ப்ளேட்டு உள் ஃப்ரேமோடயும் ஒட்டணும். அரை மில்லி நீளமா போனா ப்ளேட்டு ஃப்ரேம தொடாது, லோடு அங்க போகாது. அரை மில்லி குட்டையா போனா தகரம் குழி. போதாக்குறைக்கு மேல் தகரம் சரிவு, அதனால தலைய நேரா வெட்டாம அந்த சரிவுக்கு கோணலா வெட்டணும்.

இந்த இடைவெளிய அளக்கறதுக்கே ரெண்டு ஞாயித்துக்கெழம போச்சு. வெர்னியர் (மில்லி கணக்குல அளக்கற கருவி) கம்பி உள்ள போகும், ஆனா எங்க முட்டுதுன்னு தெரியாது. கடைசில விளக்குமாத்துலருந்து ஈர்க்குச்சி ஒண்ணு உருவி, அத ஓட்டைல விட்டு மேல முட்டினதும் ஃப்ரேம் விளிம்புல நகத்தால கிள்ளி, வெளிய எடுத்து வெர்னியர்ல அளந்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் அஞ்சு குச்சி, அஞ்சும் ஒண்ணா வந்தாதான் கணக்கு. இடது முன்னாடி 22.4, இடது பின்னாடி 29.0. வலதும் அதே வரணும் இல்லயா, வலது முன்னாடி 22.5, வலது பின்னாடி 26.8! ரெண்டு மில்லிக்கு மேல கம்மி. குச்சி மேல சந்தேகப்பட்டு திருப்பி அளந்தேன், அதேதான்.

அப்பதான் உறைச்சுது, மொத தடவ அந்த ஓட்டை போடும்போது ட்ரில் பிட்ல தகர சீவலோட மஞ்சளா மாவு மாதிரி வந்துச்சு, நான் ஊதி விட்டுட்டு வேலைய பாத்தேன். பட்டி! வண்டி எப்பவோ பின்னாடி வலது மூலைல இடி வாங்கியிருக்கு, உள்ள அமுங்கின தகரத்த எடுக்காம மேல பட்டி பூசி மட்டமாக்கி வித்துட்டாங்க. "ஒரு கீறல் இல்ல சார், லேடி டாக்டர் ஓட்டின வண்டி"ன்னு சொன்ன புண்ணியவான் நல்லா இருக்கட்டும். வலது ஸ்டாண்டு மட்டும் ஏன் சீக்கிரம் வெடிப்பு விட்டுச்சுன்னும் தெரிஞ்சுது, பட்டி மேல போல்ட்டு டைட் பண்ணா என்ன நிக்கும். பட்டிய சொரண்டி எடுத்து, டிங்கரிங் பண்ணி தகரத்த வெளிய இழுத்து, திருப்பி குச்சி விட்டு அளந்தா 28.7. போதும்.

வியாசர்பாடி லேத்துல குடுத்தேன். நாலு பீஸ், நாலு நீளம், ஒவ்வொண்ணுக்கும் வேற கோணம்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டினதும் அண்ணன் என்னயும் பேப்பரயும் மாத்தி மாத்தி பாத்தாரு. "இதுக்கு நீ புது வண்டியே வாங்கிடலாம்பா." ஆனா வேல சுத்தம். தலை எந்தப் பக்கம் பாக்கணும்னு ஸ்லீவு அடில புள்ளி கூட குத்தி குடுத்திருந்தாரு, அத நான் கேக்கவே இல்ல. போல்ட்டு மட்டும் லிங்கிச் செட்டி தெருவுல வாங்கினேன், 8.8 கிரேடு, தலைல நம்பர் குத்தியிருக்கான்னு ஒண்ணொண்ணா பாத்து. நட்ட ப்ளேட்டோட வெல்டு பண்ணியாச்சு, தனி ஆளா பத்து நிமிஷத்துல கழட்டி மாட்டலாம். ரோட்டுல விங்கோட ஓட்டறதில்ல, வண்டிய மாத்தி அமைக்கறத தடுக்கற மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு இருக்கு, பீச் ரோட்டுல ஓரங்கட்டி நின்னு விளக்கம் குடுக்க எனக்கு தெம்பில்ல. கழட்டினா ஓட்டைக்கு ரப்பர் அடைப்பான். ஓட்டை விளிம்புக்கு ப்ரைமர் ரெண்டு கோட்டு கட்டாயம், நம்ம கடக்காத்துல வெறும் தகரம் ஒரு வாரம் தாங்காது.

ஆங்கிள் செட் பண்ற கூத்து தனி. எங்க தெரு கால்வாய் பக்கம் சரிவு, முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நாலு சென்டி வித்தியாசம், அதுவே கிட்டத்தட்ட ஒரு டிகிரி. கேஜ வண்டி சில்லுல (கதவுக்கு அடில இருக்கற தகர விளிம்பு) வெச்சு ஜீரோ பண்ணுன்னு சொல்வீங்க, பண்ணேன், இருவது வருஷமா ஜாக் வெச்சு நெளிஞ்ச சில்லு, இடதுக்கு ஒண்ணு வலதுக்கு ஒண்ணு காட்டுது. கடைசில பக்கத்து பில்டிங் கொத்தனார்கிட்ட ட்யூப் மட்டம் கடன் வாங்கி, நாலு டயர் கிட்டயும் தண்ணி பாத்து, ப்ளைவுட் துண்டு அடுக்கி ஏத்தினேன். அவரு டீ குடிச்சுகிட்டே "வீடு கட்டப் போறியா?"ன்னாரு.

அடுத்தது கர்னி ஃப்ளாப். 1971ல டான் கர்னி கண்டுபிடிச்சது, பின் ஓரத்துல நிக்க வைக்கற சின்ன பட்டை. அவசரத்துல அரை இஞ்சு அலுமினிய ஆங்கிள் வாங்கிட்டேன், 25 சென்டி கார்டுக்கு அது அஞ்சு பர்சன்ட், டவுன்ஃபோர்ஸ விட இழுவைதான் மிஞ்சும். ரெண்டரைலருந்து அஞ்சு மில்லி போதும், டைல்ஸ் ஓரத்துக்கு போடற ட்ரிம்ம வெட்டி பாக்கலாம்னு இருக்கேன். முன்னாடி ஏர் டேமும் (பம்பர் அடில காத்த தடுக்கற பலகை) போடணும், இல்லன்னா வால அடக்கினதுக்கு மூக்கு திரும்பாம நேரா போக ஆரம்பிச்சுடும், அதுக்கு ப்ளைவுட் வெட்டி ஷெட்டுல கெடக்கு.

ஆனா இது இன்னும் முடியல. இடது 8.0, வலது 7.5. ஸ்டாண்டு பாதம் பத்து சென்டி, அரை டிகிரிக்கு பின் போல்ட்டு அடில ஒரு மில்லிக்கு கொஞ்சம் கம்மியா ஷிம் (அடில குடுக்கற மெல்லிசு தகடு) வேணும். கூல்ட்ரிங்ஸ் டின்ன வெட்டி ஒம்போது லேயர் வெச்சு பாத்தேன், நசுங்குது. லேத்து அண்ணன்கிட்ட 0.9ல ப்ராஸ் ஷிம் கேட்டிருக்கேன், திங்கக்கெழம வான்னு சொல்லியிருக்காரு. மூட்டைய இன்னிக்கு காலைல அம்மா பிரிச்சுட்டாங்க, இப்ப 24 கிலோதான் இருக்கும், மீதிக்கு ஒரு ரெண்டு லிட்டர் தண்ணி பாட்டில சேத்து கட்டிக்கணும்.