ஹவுட்டன் ஹாலில் ஒரு சாப்பாட்டு அறை

கேம்பிரிட்ஜில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது ஒருநாள் ரயிலேறி கிங்ஸ் லின் போனேன். அங்கிருந்து டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான், ஹவுட்டன் ஹால் என்கிற பழைய மாளிகை. நுழைவாயிலுக்கு வெளியே வெள்ளை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மாளிகையைச் சுற்றிப் பூங்கா வேண்டும் என்பதற்காகப் பழைய ஊரைக் காலி செய்துவிட்டு, அந்த மக்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகள் அவை. உள்ளே புல்வெளியில் வெள்ளை மான்கள்.

பிரிட்டனின் முதல் பிரதமர் என்று சொல்லப்படுகிற ராபர்ட் வால்போல் 1722ல் கட்டத் தொடங்கிய வீடு இது. உள் அலங்காரம் வில்லியம் கென்ட். அவர் ஓவியராகப் பயின்றவர். அதனால்தானோ என்னவோ சுவர், கதவு, விதானம், மேசை எல்லாமே ஒரே படத்தின் பகுதிகளாகத் தெரிகின்றன.

நான் போனதே மார்பிள் பார்லர் என்கிற சாப்பாட்டு அறைக்காக. ஒரு பக்கம் முழுக்கச் சலவைக்கல். நடுவில் கணப்பு, அதன் மேல் ரிஸ்பிராக் செதுக்கிய புடைப்புச் சிற்பம். இரண்டு பக்கமும் வளைவு மாடங்கள். பரிமாறும் மேசைகளுக்கென்றே கட்டியவை. தூண்கள் பிளிமத் கல். உள்நாட்டில் வெட்டிய சுண்ணாம்புக்கல்தான், ஆனால் மெருகேற்றினால் பளிங்காக மின்னுகிறது. இத்தாலிக் கல்தான் உசத்தி என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அந்த நினைப்பு அங்கேயே போய்விட்டது.

வேட்டைக் காலத்தில் வால்போல் இந்த வீட்டில் நண்பர்களைக் கூட்டி விருந்து போடுவார். கொதிக்கிற பாத்திரத்தையும் ஈரம் சொட்டும் பாட்டிலையும் மரப்பலகை மேல் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். மேசையின் பலகை கல்லாக இருந்தால் தாங்கும். ஒரு மேசைக்கு முன்னால் பெரிய கிரானைட் தொட்டி இருந்ததாக அவர் மகன் ஹொரஸ் 1747ல் அச்சிட்ட குறிப்பில் இருக்கிறது.

மற்ற அறைகளில் மேசைகளுக்குத் தங்க முலாம். ஒன்றின் முன்னால் கயிற்றுக்கு இந்தப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். செதுக்கிய மரத்தின் மேல் சுண்ணப் பூச்சு, அதன் மேல் தங்கத் தாள். தாள் தேய்ந்த இடத்தில் அடியிலிருக்கும் செம்மண் நிறம் தெரிகிறது. மேலே பலகைக் கல்லின் விளிம்பில் ஒரு வெள்ளை ரேகை வளைந்து கீழே இறங்குகிறது. கல்லைத் தேர்ந்தெடுத்தவர் அந்த ரேகைக்காகத்தான் எடுத்திருப்பார் என்று தோன்றியது.

வால்போல் கடனோடுதான் இறந்தார். 1779ல் பேரன், வீட்டிலிருந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை ரஷ்யப் பேரரசி கேத்தரினுக்கு விற்றுவிட்டார். மார்பிள் பார்லரில் தொங்கிய, ஓவியர் வான் டைக் வரைந்த டான்பி பிரபுவின் படம் இப்போது ரஷ்யாவில் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கென்ட்டின் மேசைகள் பலவும் இங்கேயே நின்றுவிட்டன. 2013ல் எழுபது ஓவியங்கள் போல ஒரு கண்காட்சிக்காகத் திரும்பி வந்து, பழைய இடங்களிலேயே மாட்டப்பட்டன. அப்போது வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

சரி, கிளம்பலாம் என்று வாசல் வரை போனவன், மறுபடியும் மார்பிள் பார்லருக்கே போய் நின்றேன். வெயில் சாய்ந்து மாடத்துக் கல்லில் விழுந்திருந்தது.