பிஷ்கெக்கிலிருந்து ஓஷுக்கு

ஜூலை 8, பிஷ்கெக்

ஓஷில் மருத்துவம் படிக்கும் அக்கா மகளைப் பார்க்கப் போகிறேன். பிஷ்கெக், ஓஷ் இரண்டும் கிர்கிஸ்தானின் பெரிய ஊர்கள். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 300 கிலோமீட்டர். சாலையில் போனால் 600க்கு மேல். நடுவில் தியென் ஷான் மலைகள் குறுக்கே படுத்திருக்கின்றன.

"மாமா, பேசாம ஃப்ளைட்ல வாங்க, முக்கால் மணி நேரம்தான்" என்றாள். போகும்போது கார், திரும்பும்போது விமானம் என்று சொல்லிவிட்டேன். மலையைப் பார்க்காமல் போவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

ஜூலை 9, வழியில்

பிஷ்கெக்கின் பெரிய சந்தைகளில் ஒன்றுக்கும் ஓஷ் பஜார் என்றே பெயர். ஓஷுக்குப் போகும் ஷேர் டாக்சிகள் அதன் அருகில்தான் நிற்கின்றன. ஆள் நிரம்பாமல் வண்டி நகராது. நமக்கென்ன புதிதா!

தெற்கே இருக்கும் ஊருக்கு முதலில் மேற்கே ஓட வேண்டும். கரா-பல்தாவில் திரும்பியதும் ஏற்றம். பிஷ்கெக் சுமார் 800 மீட்டர் உயரம். தோ-அஷூ கணவாயின் சுரங்கம் 3,000 மீட்டருக்கு மேலே. இரண்டரை கிலோமீட்டர் நீளம், குறுகல், லாரிப் புகை. கண்ணாடியை ஏற்றிவிட்டும் பயனில்லை.

மறுபக்கம் சூசமிர் பள்ளத்தாக்கு: பச்சைப் புல், குதிரைகள், சாலையோரக் கூடாரங்களில் குமிஸ் விற்பனை. புளித்த மோரில் லேசாகக் கள் கலந்த மாதிரி இருந்தது அந்தக் குதிரைப்பால். ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அப்புறம் இன்னொரு கணவாய், ஆலா-பெல், 3,184 மீட்டர். கீழே டோக்டோகுல் நீர்த்தேக்கம். நரின் ஆற்றில் அணை கட்டியபோது பள்ளத்தாக்கு மூழ்கிவிட்டதால் சாலை ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிறது. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகிறது, வண்டி மட்டும் போய்ச் சேர மாட்டேன் என்கிறது.

ஜலால்-அபாத்துக்குப் பிறகும் வளைசல்தான். சோவியத் காலத்துச் சாலை உஸ்பெக் மண்ணுக்குள் புகுந்து வெளியே வந்தது. அன்று அது வெறும் நிர்வாகக் கோடு. நாடுகள் பிரிந்தபின் அது எல்லையாகிவிட, இப்போது உஸ்கென் வழியாகச் சுற்றிப் போகிறார்கள்.

ஜூலை 10, ஓஷ்

நேற்று நடுராத்திரிதான் வந்து சேர்ந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. மாலையில் சுலைமான் மலை ஏறினோம், மெதுவாக.

ஜூலை 13, மீண்டும் பிஷ்கெக்

சீட் பெல்ட் விளக்கு அணைந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. நான்கு நாள் முன்பு பகல் முழுக்க உருண்டு வந்த மலைகள் ஜன்னலுக்குக் கீழே வெள்ளை மடிப்புகளாகப் போயின. பிஷ்கெக்குக்குத் தெற்கே 4,800 மீட்டருக்கு மேல் நிற்கும் சிகரங்களைத் தாண்டும்வரை விமானம் தாழ இறங்க முடியாது. மனாஸ் விமான நிலையத்தின் ஓடுதளமோ கிழக்கு மேற்காக இருக்கிறது. அதனால் சமவெளிக்கு வந்து திரும்பித்தான் இறங்க வேண்டும். பறந்தது முக்கால் மணி நேரம். அவள் அறை வாசலிலிருந்து என் விடுதி வரை கணக்குப் போட்டால் நான்கு மணி நேரத்துக்கு மேல்.

பிஷ்கெக்குக்குக் கிழக்கே உள்ள பலிக்சியிலிருந்து ஜலால்-அபாத்துக்கு சுமார் 430 கிலோமீட்டரில் இன்னொரு சாலை போடுகிறார்களே, அது குறுக்கு வழி என்று நினைத்திருந்தேன். ஆனால் பிஷ்கெக்கிலிருந்து பலிக்சிக்கே 170 கிலோமீட்டருக்கு மேல். கூட்டினால் தூரம் குறையவில்லை. குளிர்காலத்தில் பனிச்சரிவு வந்து தோ-அஷூவை மூடும்போது தெற்கே போக இரண்டாவது வழி வேண்டும், அதற்குத்தான்.