மயில்கழுத்து நிறத்தில் ஒரு கொடி

மணிலாவிலிருந்து லாஸ் பான்யோஸ் ஏறக்குறைய 65 கிலோமீட்டர். விடிவதற்குள் கிளம்பிவிட்டதால் எட்டு மணிக்கே மக்கிலிங் மலையடிவாரத்தில் இருந்தோம். மலையின் உயரம் 1,090 மீட்டர். உச்சிக்குப் போகும் ஆசை எனக்கு இல்லை. மார்ச் மாதம், தயாபக் கொடி பூக்கும் காலம். அதைப் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் வந்தேன்.

ஒரு மணி நேரம் நடந்திருப்போம். மழைக்காட்டின் ஈர இருட்டு. திடீரென்று காலடியில் பச்சையும் நீலமும் கலந்து ஏதோ சிதறிக் கிடந்தது. குனிந்து பார்த்தால் பூ! அண்ணாந்தேன். மரத்திலிருந்து தொங்கிய கொடியில் ஆளுயரத்துக்கு மேல் நீண்ட சரம், அதில் நெருக்கமாக நூற்றுக்கும் குறையாத பூக்கள். மயில்கழுத்துப் பட்டுத் துணியைக் கொஞ்சம் வெளுக்க வைத்தால் வருமே, அந்த நிறம். இந்தச் சரங்கள் மூன்று மீட்டர் வரைகூட வளரும்.

கீழே கிடந்த ஒன்றைக் கையில் எடுத்தேன். சுண்டுவிரல் நீளம், புலிநகம் போல நுனி வளைந்திருந்தது. அகத்திப் பூவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உறவு உடனே தெரிந்துவிடும். இதுவும் அவரைக் குடும்பம்தான். பக்கத்தில் முந்தின நாள் விழுந்தவை ஊதாவாக மாறிக் கிடந்தன. மால்வின், சபோனரின் என்ற இரண்டு நிறமிகள் சேர்ந்து தருகிற நிறம் இது. இதழின் மேல்தோல் செல்களில் உள்ள சாறு காரத்தன்மையோடு இருந்தால்தான் அந்தச் சேர்க்கை இப்படித் தெரியும். பூ வாடினால் நிறமும் போய்விடும்.

அங்கே நின்றபோது வில்க்ஸ் பயணக் குழுவைப் பற்றித்தான் நினைத்தேன். சார்லஸ் வில்க்ஸ் தலைமையிலான அந்த அமெரிக்கக் கடல் ஆய்வுக் குழு 1842 ஜனவரியில் மணிலாவுக்கு வந்தது. மேற்குலகத்தார் இந்தக் கொடியை முதலில் பார்த்தது இந்த மக்கிலிங் காட்டில்தான் என்பார்கள். 1854இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே அதற்கு ‘ஸ்ட்ராங்கிலோடான் மேக்ரோபாட்ரிஸ்’ என்று பெயர் வைத்தார். ‘மேக்ரோபாட்ரிஸ்’ என்றால் பெரிய குலை. ஆமாம், காகிதத்தில் அழுத்தி உலர்த்தினாலும் குலை குலையாகவே இருக்கும். இந்த நிறத்தை எப்படி உலர்த்திக் கப்பலேற்றுவது? இங்கே வந்து அண்ணாந்து பார்த்தால்தான் உண்டு. என் போனில் எடுத்த முப்பது படங்களில் ஒன்றில்கூட அது சரியாக வரவில்லை.

பிலிப்பைன்ஸைத் தவிர வேறெங்கும் இது காட்டில் தானாக வளர்வதில்லை. தோட்டங்களில் வளர்க்கிறார்கள், ஆனால் அங்கே சும்மா காய்த்துவிடாது. லண்டன் கியூ தோட்டத்தில் 1995இல் கையால் மகரந்தம் சேர்த்துத்தான் காய் பிடிக்க வைத்தார்கள். இங்கே அந்த வேலையைச் செய்வது வௌவால்கள். சரத்தில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும்போது தலையில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அடுத்த பூ. காடு குறைந்தால் வௌவாலும் குறையும், காயும் குறையும். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கூட வந்த வழிகாட்டி, தாழ்வாகத் தொங்கிய ஒரு சரத்தின் காம்பை இரண்டு விரலால் மெல்லத் திருப்பிக் காட்டினார். “இதைப் பாருங்க.” காம்பின் மேல்தோலில் மூன்று மெல்லிய கீறல்கள், இன்னும் காயாமல் ஈரமாக இருந்தன.

“நேத்து ராத்திரி வந்திருக்கு” என்றார்.